தானாக விழும் பூட்டு

வெர்லின் மஞ்சள் தோட்டாவைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கியில் போட்டது ஊர் பார்க்க நடந்தது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வீட்டோடு போயிற்று. டிராக்டர் சாவியை வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். தன் சொந்த வயலுக்குப் போகும் மண்சாலையில் வண்டியை நிறுத்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். சூ ஃபால்ஸ் நகரத்து டாக்டர் மண்டையைப் படமெடுத்துப் பார்த்து, நோய்க்கு ஒரு பெயரும் சொல்லி, இனி ஏறுமுகம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். ஆர்டிஸ் அதையெல்லாம் யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷன் மறந்ததை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிற ஜாதி இல்லை அவள்.

ஆனால் புதன்கிழமை சாயங்காலம் மண்தட்டு சுடும் கிளப்பில் ஊரே இருக்கும். ஐந்து ஐந்து பேராக வரிசையில் நிற்பார்கள். முறை வந்தவன் "விடு" என்பான், குழிக்குள்ளிருந்து ஒரு தட்டு பறக்கும், சுடுவான். வெர்லின் "விடு" என்றான். தட்டு பறந்தது. விசையை இழுத்தான். டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துப்பாக்கியைத் திறந்து பார்த்தான், காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்துப் பைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தான். பக்கத்து இடத்தில் நின்ற ஆர்டிஸ் தன் துப்பாக்கியைப் புல்லில் போட்டுவிட்டுப் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மறக்கவில்லை, போட்டிருந்தான். இருபதாம் நம்பர் தோட்டாவைப் போட்டிருந்தான். நம்பர் ஏற ஏறத் தோட்டா ஒல்லி. பன்னிரண்டாம் நம்பரின் பின்வாய் வழியாக நழுவி உள்ளே போய்க் குழலுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காலியாகத் தெரியும். அதற்குப் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டு இழுத்தால் குழல் வெடித்துப் பிடித்திருக்கிற கை போய்விடும். இப்படி ஆகக்கூடாதென்றுதான் இருபதாம் நம்பர் தோட்டாவுக்கு மஞ்சள் தோலே போடுகிறார்கள். வெர்லின் அன்றைக்குப் புறா சுடப் போகும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அதன் பையில் மஞ்சள் கிடந்தது. ஒரு துப்பாக்கிக்கு ஒரு சட்டை, வீட்டுக்கு வந்ததும் பையைக் காலி பண்ணு என்று ஊருக்கே கத்திக் கத்திச் சொன்னவன் அவன்.

சிரித்துக் கேலி பண்ணியிருந்தால்கூட ஆர்டிஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையிலேயே அவள் தம்பி டெல்மர் வந்துவிட்டான். நல்லவன்தான், ஆனால் நல்ல காரியம் எதையும் முரட்டுத்தனமாகச் செய்தால்தான் அவனுக்குத் திருப்தி.

"அக்கா, துப்பாக்கி அலமாரியத் தெற. அம்புட்டையும் வண்டியில ஏத்திடுறேன். எங்க வீட்டுல பத்திரமா இருக்கும்."

"நான் இங்கதான்டா உக்காந்திருக்கேன்," என்றான் வெர்லின், காப்பிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல். "செத்தவன் சொத்தைப் பங்கு பிரிக்கிற மாதிரி பேசாதே."

"அத்தான், நீங்க தங்கமான மனுஷன். துப்பாக்கிக்கு அது தெரியாதே."

"தெரியாதுதான். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் ஏத்து." வெர்லின் இப்போது நிமிர்ந்தான். அந்தக் காலை வேளைகளில் அவன் பழைய வெர்லினாகவே இருப்பான். அதுதான் கொடுமை. "வாத்துக்கு ஒண்ணு, புறாவுக்கு ஒண்ணு, காட்டுச் சேவலுக்கு ஒண்ணு, தட்டுக்கு ஒண்ணுன்னு வச்சிருந்தா மாறத்தான் செய்யும். எல்லாத்தையும் நீயே கொண்டு போ. எல்லா வேலைக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கிறேன். ஒரே நம்பர். வீட்டுல வேற நம்பர் தோட்டாவே கெடையாது. அப்புறம் எதை எதுல மாத்திப் போட?"

டெல்மர் அக்காவைப் பார்த்தான். ஆர்டிஸ் சுவரைப் பார்த்தாள்.

சரி என்று சொல்லியிருக்கக்கூடாது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவள் நிலைமையில் நின்று பார்த்தால் தெரியும். வயலை மருமகன் பார்த்துக்கொள்கிறான். வண்டிச் சாவியைப் போன மாதம் வாங்கி வைத்தாயிற்று. வங்கிக் காகிதத்தில் அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். அவனிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். அக்டோபரில் சேவல் வேட்டைக் காலம் திறக்கும் சனிக்கிழமை, ஊர்க்காரர்களோடு வரிசையில் சேர்ந்து, துப்பாக்கியும் கையுமாகச் சோள வயலில் இறங்கி நடப்பது. அதுவும் போனால் வெர்லின் என்று சொல்ல ஆள் இருக்காது, வெர்லினின் சட்டைக்குள் யாரோ ஒருவன் இருப்பான். ஆர்டிஸ் அதற்குப் பயந்தாள். துப்பாக்கிக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

"ஒண்ணு," என்றாள். "அலமாரிச் சாவி எங்கிட்ட இருக்கும். நானில்லாம வெளிய எடுக்கக்கூடாது."

"கல்யாணத்துலயே இதைத்தானே சொன்னே," என்றான் வெர்லின்.

துப்பாக்கிக் கடை ஆர்லோவுடையது. தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாழ்நாள் முழுக்க வெடிச் சத்தம் கேட்டு ஆர்லோவுக்கு ஒரு காது போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று பேசினால் "நல்ல மழை" என்று பதில் சொல்வார்.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணா?" என்றார் அவர். "சேவலுக்கும் தட்டுக்கும் ஒரே செருப்பு போடணும்கிற."

"ஆமா. கால் ரெண்டும் ஒரே ஆளோடதுதானே."

ஆர்லோ முதலில் ஒரு பம்பு துப்பாக்கியைக் கொடுத்தார். வெர்லின் தோளில் வைத்து, சுவரும் கூரையும் சேருகிற கோட்டைக் குழலால் தடவிப் பார்த்தான். நல்ல துப்பாக்கி. மழையில் போட்டாலும் சேற்றில் போட்டாலும் மக்கர் பண்ணாது. ஆனால் ஒவ்வொரு முறையும் முன்கட்டையை முழுசாக இழுத்து முழுசாகத் தள்ளவேண்டும். "பாதியில நிறுத்திட்டேன்னா?" என்று அவனே கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். அடுத்தது தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் ரகம். தோளுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் உள்ளே எத்தனை கிடக்கிறது என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. ஆர்டிஸ் அதைத் தொடவே விடவில்லை. அப்புறம் தட்டு சுடுவதற்கென்றே செய்த நீளக் குழல் ஒன்று. வெர்லினின் முகம் மலர்ந்தது.

"இது கையில இருந்தா ஒரு தட்டு தப்பாது."

"இதைத் தூக்கிட்டு நாணல் சதுப்புல ஒரு நாள் நட," என்றாள் ஆர்டிஸ். "மத்தியானத்துக்கு மேல நான் உன்னைத் தூக்கிட்டு வரணும்."

"நீ தூக்குவே. மாக்ஸியத்தான் நம்ப முடியாது." மாக்ஸி அவர்கள் நாய். அது அந்த வீட்டில் வெர்லின் ஒருவன் பேச்சைத்தான் கேட்கும்.

கடைசியில் ஆர்லோ உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். பன்னிரண்டாம் நம்பர், மேலொன்று கீழொன்றாக இரட்டைக் குழல். கனமும் இல்லை, லேசும் இல்லை. குழல் வாயில் திருகிப் போடும் வளையத்தை மாற்றினால் கிட்டத்துச் சேவலுக்கும் ஆகும், தூரத்துத் தட்டுக்கும் ஆகும். நடுவில் மடித்துத் திறந்துவிட்டால் இரண்டு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரியும், காலியா இல்லையா என்று வயலின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கும் தெரியும். ஆர்டிஸுக்கு அந்த ஒன்றே போதும்.

வெர்லின் அதைத் திறந்தான், மூடினான், திறந்தான். கட்டைவிரல் படுகிற இடத்தில் இருந்த, விசையைத் தடுக்கும் பூட்டைப் பார்த்தான்.

"இது தானா விழுற பூட்டு," என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக.

வேட்டைக்குச் செய்த துப்பாக்கிகளில் அப்படித்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பூட்டு தானாகப் பின்னால் வந்து விழுந்துவிடும். சுடுவதற்கு முன்னால் கட்டைவிரலால் முன்னே தள்ளவேண்டும். வேட்டைக்காரனுக்கு அது நல்லது. தட்டு சுடுகிறவனுக்கு எரிச்சல். தள்ள மறந்து, விசை நகராமல், தட்டு போய் விழுகிற வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான், பக்கத்தில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பூட்டைத் தள்ள மறக்காத ஆள் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்காத புதன்கிழமையும் கிடையாது. போன வருஷம் பாதிரியார் மறந்தார். இன்னும் அவரை விடவில்லை.

"வேணும்னா அந்தப் பூட்டைத் தானா விழாம பண்ணித் தர்றேன்," என்றார் ஆர்லோ.

"விழட்டும்," என்றாள் ஆர்டிஸ்.

வெர்லின் தோளைக் குலுக்கினான். "எங்க வீட்டுல பூட்டுப் போடுறதெல்லாம் அவதான்."

அடுத்த புதன்கிழமை கிளப்பில் அந்தத் துப்பாக்கியோடு நின்றான். எல்லாரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஆர்டிஸ் அவன் பைகளை வீட்டிலேயே சோதித்திருந்தாள், வண்டியில் ஒரு முறையும் சோதித்தாள். "விடு" என்றான். தட்டு தூளாயிற்று. அடுத்ததும் தூளாயிற்று. கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் தானாகப் போய்ப் பூட்டைத் தள்ளியது. கடைசியில் ஒன்றிரண்டுதான் தப்பிப் போயின. டெல்மரே வந்து முதுகில் தட்டினான்.

திரும்பி வரும்போது வெர்லின் வண்டியில் தன் வலது கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"பாரு ஆர்டிஸ். தலைக்குத்தான் ஞாபகம் இல்ல. கைக்கு எல்லாம் இருக்கு. இன்னிக்கு பூரா நான் எதையுமே யோசிக்கல. கை பார்த்துக்கிச்சு."

"அப்ப கையையே டாக்டர்கிட்ட அனுப்புவோம்," என்றாள் அவள். அழுகை வந்துவிடக் கூடாதே என்று சொன்னது அது. அன்று இரவு நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

அந்தச் சந்தோஷம் செப்டம்பர் வரைக்கும் தாங்கியது.

செப்டம்பரில் புல்வெளிக் கவுதாரிக்குப் போனார்கள். மூன்று பேர்தான். வலதில் டெல்மர், நடுவில் வெர்லின், இடதில் ஆர்டிஸ். வரிசையில் நடக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. பறவை வரிசையைத் தாண்டித் தோழன் பக்கம் போனால் குழலை வானத்துக்குத் தூக்கிப் பறவையைப் போக விட்டுவிட வேண்டும். அதை மீறியவனை ஒரு தடவைக்கு மேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். புல்லிலிருந்து ஒரு கவுதாரி எழும்பித் தாழ்வாக இடது பக்கம் போயிற்று. வெர்லினின் குழல் அதன் பின்னாலேயே வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆர்டிஸ் அந்த இரண்டு ஓட்டைகளையும் நேருக்கு நேர் பார்த்தாள். குழல் அவள் முகத்தைத் தாண்டிப் போன பிறகுதான் நின்றது. அவன் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று அவனுக்கும் தெரியாது.

"நீ எப்ப அங்க போனே?" என்று கேட்டான் வெர்லின். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

விடிந்ததிலிருந்து அவள் அங்கேதான் நடந்துகொண்டிருந்தாள்.

டெல்மர் வந்து துப்பாக்கியை வாங்கித் திறந்து தோட்டாக்களை எடுத்தான். வீட்டுக்கு வந்து வெர்லின் தூங்கப் போன பிறகு சமையலறையில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள்.

"முடிஞ்சுது அக்கா. இதுக்கு மேல பேச்சே கெடையாது."

"முடிஞ்சுதுன்னு அவன்கிட்ட நீ சொல்றியா? சொல்லு. இப்பவே போய் எழுப்பிச் சொல்லு."

டெல்மர் எழுந்திருக்கவில்லை.

"திறக்கிற சனிக்கிழமை ஒண்ணு மட்டும்," என்றாள் ஆர்டிஸ். "ஒரே ஒரு தடவை எல்லாரோடயும் நடக்கட்டும். அப்புறம் பனி வந்துடும். அடுத்த வருஷம் அவனுக்குத் துப்பாக்கின்னா என்னன்னே தெரியாமப் போயிடும், யாரும் புடுங்க வேண்டாம்."

"யாரையாவது சுட்டுட்டாருன்னா?"

"சுடாத துப்பாக்கியக் குடுத்தா?"

அப்படித்தான் அந்த யோசனை வந்தது. கட்டையைத் தோளுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் இழைக்க வேண்டும் என்று வெர்லினிடம் சொல்லிவிட்டுத் துப்பாக்கியை ஆர்லோவிடம் கொண்டுபோனார்கள். ஆர்லோ வெகு நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். தோட்டாவை அடிக்கும் ஊசியை எடுத்துவிடலாம், ஆனால் டொக்கென்று சத்தம் கேட்கும், திறந்தால் தோட்டாவின் பின்புறத்தில் அடி விழாமல் இருப்பதைப் பார்ப்பான். வெர்லினுக்குத் தெரியாத துப்பாக்கிச் சங்கதி கிடையாது. உடனே கண்டுபிடித்துவிடுவான், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று.

"பூட்டுல வைக்கிறேன்," என்றார் ஆர்லோ. "முன்னால தள்ளினா போகும். விரலை எடுத்தா சத்தமில்லாம பின்னால வந்துடும். விசை நகராது. பார்த்தா பூட்டு விழுந்திருக்கும். தள்ள மறந்துட்டோம்னுதான் எவனும் நெனைப்பான்."

ஆர்டிஸ் யோசித்தாள். பூட்டைத் தள்ள மறப்பது எல்லாரும் மறப்பதுதானே. அதற்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், பாதிரியாருக்கு இந்த வருஷமாவது விடுதலை கிடைக்கும். சொல்லக்கூடிய பொய்களிலெல்லாம் இதுதான் ரொம்ப லேசான பொய் என்று அவளுக்குப் பட்டது. டெல்மருக்கும் அப்படியே பட்டது. ஆர்லோ கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

வேட்டை திறக்கும் சனிக்கிழமை நல்ல காற்று. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் சாப்பாடு. குச்சியில் குத்திப் பொரித்த ஆட்டுக்கறியும், உருளைக்கிழங்கும், ஆரஞ்சு தொப்பி போட்ட கூட்டமும், எவன் நாய் ஓடிப்போனது என்ற பழைய கதைகளும். வெர்லின் கலகலவென்று இருந்தான். இரண்டு பேரைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டான், அவர்கள் அந்தப் பெயருக்கே பதில் சொன்னார்கள். டெல்மர் வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தபோது வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தான்.

"ஆர்லோ கட்டையில கையே வைக்கல போலிருக்கே."

"தெரியாத மாதிரி இழைக்கிறதுதானே அத்தான் அவர் வேலை," என்றான் டெல்மர். பொய் சொல்லத் தெரியாதவன், காதெல்லாம் சிவந்துவிட்டது.

சோள வயலின் ஒரு கோடியில் சிலர் மறித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் வரிசையாக நடந்தார்கள். ஆர்டிஸ் வெர்லினுக்குப் பக்கத்தில், ஓரடி பின்னால் நடந்தாள். அன்று அவள் துப்பாக்கியே எடுத்து வரவில்லை. மாக்ஸி முன்னால் வளைந்து வளைந்து ஓடியது. பறவை எழும்பும்போது யாராவது "பெட்டை" என்று கூவினால் எல்லாக் குழலும் இறங்கும், "சேவல்" என்றால்தான் ஏறும். பெட்டையைச் சுட்டால் குற்றம்.

மாக்ஸி சட்டென்று நின்று விறைத்தது. சோளத் தட்டைக்குள்ளிருந்து ஒரு சேவல், நீள வாலும் செம்பு மார்புமாக, வெர்லினுக்கு நேர் முன்னால் செங்குத்தாக எழும்பியது. அதைவிடச் சுலபமான பறவை உலகத்தில் கிடையாது.

"சேவல்," என்று அவனே சொன்னான், நிதானமாக.

ஆர்டிஸ் எல்லாவற்றையும் பார்த்தாள். இடது கால் முன்னால் போனது. கட்டை தோளுக்கு வந்தது, கன்னம் கட்டைக்கு வந்தது. வலது கட்டைவிரல் பூட்டை முன்னே தள்ளியது, சுத்தமாக, கடைசி வரைக்கும். குழல் பறவையோடு போயிற்று, பறவையைத் தாண்டிற்று. விரல் விசையை இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. சேவல் காற்றில் சாய்ந்து போயே போயிற்று. பக்கத்திலிருந்தவர்கள்கூடச் சுடவில்லை, அது அவனுடைய பறவை என்று விட்டுவிட்டார்கள்.

வெர்லின் துப்பாக்கியை இறக்கிப் பார்த்தான். பூட்டு விழுந்திருந்தது.

"என்ன வெர்லின், பாதிரியாரோட கட்சியில சேர்ந்துட்டியா?" என்று வரிசையிலிருந்து ஒருவன் கூவினான். எல்லாரும் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்தாள். அவள் நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது.

வெர்லின் சிரிக்கவில்லை. நடந்தான். இப்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். ஆர்டிஸ் காதைக் கொடுத்துக் கேட்டாள். "பூட்டு, பூட்டு, பூட்டு" என்று சொல்லிக்கொண்டு போனான்.

அடுத்த சேவல் எழும்பியது. கட்டைவிரல் தள்ளியது, அவள் பார்த்தாள். விசை நகரவில்லை. அவன் இறக்கிப் பார்த்தான், பூட்டு விழுந்திருந்தது. இம்முறை யாரும் கூவவில்லை. வயல் முடியும் இடத்தில் இன்னொன்று, கிட்டத்தில், சோம்பேறித்தனமாக எழும்பியது. அப்போதும் அதேதான். மாக்ஸி திரும்பி வந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. பறவை எங்கே விழுந்தது என்று அதற்குப் புரியவில்லை.

வெர்லின் துப்பாக்கியைத் திறந்தான். இரண்டு தோட்டாக்களையும் எடுத்து மேல் பைக்குள் போட்டான். திறந்தபடியே கையில் மடித்து வைத்துக்கொண்டு டெல்மரிடம் போனான். அவ்வளவையும் சரியாகச் செய்தான்.

"மச்சான், இதைக் கொண்டு போ."

"அத்தான், ஒரு நாள் இப்படித்தான்…"

"இல்லடா. சொன்னாக் கேளு. மூணாவது தடவை சொல்லிக்கிட்டே போனேன். வாயால சொல்லிக்கிட்டே போயும் கை தள்ளல." தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான், அன்றைக்கு வண்டியில் பார்த்த அதே கையை. "தலை போனாலும் இது இருக்கும்னு நெனச்சேன். இதுவும் போயிடுச்சு."

டெல்மர் வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான். வெர்லின் வண்டிக்குப் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். மற்றவர்கள் அடுத்த வயலுக்குப் போனார்கள்.

ஆர்டிஸ் வெளியே காற்றில் நின்றாள். டெல்மர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இனி துப்பாக்கி இல்லை, சண்டையும் இல்லை, அவனே கொடுத்துவிட்டான், எல்லாருக்கும் நல்லதுதானே என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். அவளுக்குத் தம்பியை அறைய வேண்டும் போலிருந்தது. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அவள் போய் வண்டியில் ஏறினாள்.

"வெர்லின், நீ பூட்டைத் தள்ளினே. மூணு தடவையும் தள்ளினே. நான் பார்த்தேன்."

அவன் கண்ணாடி வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் துப்பாக்கி சுடாது. ஆர்லோகிட்டக் குடுத்து நான்தான் அப்படிப் பண்ணச் சொன்னேன். உன் கை ஒண்ணும் மறக்கல. உன் கை சரியா இருக்கு. நான் பண்ணினது இது. கேக்குறியா?"

அவன் திரும்பினான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், திட்டுவான் என்று ஆசைப்பட்டாள்கூட. அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ நல்லவ ஆர்டிஸ்," என்றான். "என்னைச் சமாதானப்படுத்த இம்புட்டுப் பெரிய கதையா சொல்லணும்?"

"கதை இல்ல. ஆர்லோவ வேணா கேளு. டெல்மரைக் கேளு."

"கேட்டா ஆமான்னுதான் சொல்வாங்க. நீ சொல்லி வச்சிருப்பே." அவள் கையைத் தட்டிக் கொடுத்தான். "விடு. வீட்டுக்குப் போவோம்."

ஆர்லோவை வீட்டுக்கே கூட்டி வந்தாள். ஆர்லோ பூட்டைக் கழற்றி மேசையில் வைத்துக் காட்டினார், எந்த இடத்தில் என்ன மாற்றினார் என்று சொன்னார். வெர்லின் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். "இவ்வளவு பாசமா இருக்கீங்களே," என்று சொல்லி அவருக்குக் காப்பி ஊற்றினான். அவர் போன பிறகு, "பாவம், அவருக்கும் பொய் சொல்ல வராது," என்றான். அவள் மறுபடி சொன்னாள். பிறகும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் அவளைத்தான் பாவமாகப் பார்த்தான்.

பனி வந்தது. மருமகன் பெயர் போயிற்று, தேவாலயத்துக்குப் போகும் வழி போயிற்று, ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போடுவதும் போயிற்று. நேற்றுச் சாப்பிட்டது இன்று தெரியாது. ஆர்டிஸ் காத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமையும் எல்லாவற்றோடும் சேர்ந்து போய்விடும் என்று நம்பிக் காத்திருந்தாள். அவள் கடைசியாக நம்பியது அதைத்தான், இத்தனையை எடுத்துக்கொண்ட நோய் அந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்குமா என்று.

விட்டுவைத்தது. வசந்தம் வந்து வரப்பில் காட்டுச் சேவல்கள் கூவத் தொடங்கியதும் மாக்ஸி போய்க் கதவருகே நின்றது. நின்று திரும்பி, நாற்காலியில் இருந்த வெர்லினைப் பார்த்தது. அதன் பெயர் அவனுக்கு மறந்து மாதக்கணக்காகிவிட்டது. அவன் குனிந்து அதன் தலையைத் தடவினான்.

"நீ போம்மா," என்றான். "என்னால ஆகாது. நான் பூட்டைத் தள்ள மறந்துட்டேன்."

ஆர்டிஸ் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.